ஆகலி

அவர் தன் மொபெட்டை முகம் உள்ளே இருக்கும்படி எங்கும் நிறுத்தியதில்லை. டீக்கடையானாலும் கோயிலானாலும் தொழிலாளர் துறை அலுவலகமானாலும், வந்ததும் வண்டியைத் திருப்பி, முன்சக்கரம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார். இடம் நெருக்கமாக இருந்தால் வண்டியைப் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போய்ச் செருகுவார். நான் ஓசூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டத்துக்கு அவர் வந்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள உள்ளே எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. வாசலில் நிற்கும் வண்டிகளில் ஒன்று மட்டும் புறப்படத் தயாராக நின்றால், அவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டி இயந்திரத்தில் அடிக்கும் பிரிவில் அவருக்கு வேலை. ஃபோர்ஜ் ஷாப் என்பார்கள். அந்தப் பிரிவுக்கென்று ஒரு சிறிய சங்கம் இருந்தது. அவர் அதன் தலைவர். மற்ற எல்லாப் பிரிவுகளும் பெரிய சங்கத்தில் இருந்தன. பெரிய சங்கத்துக்காரர்கள் பெரும்பாலும் மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஃபோர்ஜ் ஷாப்பில் இருந்தவர்கள் சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் உள்ள ஊர்க்காரர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள், வேலையில் தமிழ்.

அவருக்கு வீட்டில் இரண்டும் இருந்தன. தாய்மொழி தெலுங்கு. மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல் அருகே ஒரு கிராமத்தவர், கன்னடம் பேசுபவர். சங்கக் கூட்டங்களில் தமிழ். மூன்றையும் அவர் ஒரே சரளத்துடன் பேசினார் என்பது பெரிய விஷயமில்லை, ஓசூரில் காய்கறிக்காரரும் அப்படித்தான். கேட்ட மொழியில் அவர் முதல் பதிலைச் சொல்லமாட்டார் என்பதுதான் விசேஷம். தமிழில் கேட்டால் கன்னடத்தில் வரும். கன்னடத்தில் கேட்டால் தெலுங்கில் வரும். பதில் எந்த மொழியில் வந்தாலும் பெரும்பாலும் அதன் பொருள் 'பார்க்கலாம்' என்பதாக இருக்கும்.

"சாப்பிட்டீங்களா?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கும் "நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று.

"சாப்பிட்டதுக்குமா தலைவரே பார்க்கலாம்?" என்றேன்.

"வயிறு இன்னும் முடிவு பண்ணல சார்" என்றார், சிரிக்காமல்.

அவர் மனைவி இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அந்த அம்மாள் நன்றாகத் தமிழ் பேசுவார்; கிண்டலுக்கு மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். "நைட்டு பூரா பொரண்டு பொரண்டு படுக்கறார் சார். இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம். பக்கத்துல படுக்கறவங்களுக்குத் தூக்கம் வருமா? தினமும் கேப்பேன், 'யாவ கடே மலக்தீரா?'ன்னு." எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேள்வி. அதற்கு அவர் தெலுங்கில் பதில் சொல்வாராம்.

தண்ணீர்ப் பிரச்சினையில் எல்லையில் பேருந்துகள் நின்றுபோகும் காலங்களில், மாமனார் வீட்டுக்குப் போக அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். மொபெட்டின் பக்கப் பெட்டியில், கன்னடக் கொடிபோல மஞ்சளும் சிவப்புமாக ஒரு துணி இருக்கும். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அதைக் கைப்பிடியில் கட்டிக்கொள்வார். திரும்பும்போது அதே இடத்தில் அவிழ்த்துவிடுவார். இதை அவரே என்னிடம் சொன்னார். வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. மழைக்குக் குடை எடுத்துப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

டீக்கடையில் பேப்பர் கைக்கு வந்தால் வெளிநாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். அந்த நாட்களில் எங்கோ தொலைவில் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே ஒரு சிறிய நாடு மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சேர்ந்து சண்டைக்குப் போய்விட்டு, இப்போது மறுபக்கம் தூது அனுப்புகிறது என்று செய்தி. அந்த நாட்டின் பெயரை அவரால் சரியாக உச்சரிக்க முடியாது, எனக்கும் முடியாது. ஆனால் தினமும் கேட்பார்.

"அந்தச் சின்ன நாடு இப்ப எந்தப் பக்கம் சார்?"

"இன்னும் பழைய பக்கம்தான். ஆனா தூது போயிருக்குன்னு பேச்சு."

"மறுக்கறாங்களா?"

"மறுக்கறாங்க."

"அப்ப போயிருக்குது" என்றார். பிறகு பேப்பரை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பெரிய நாடு பக்கம் மாறுனா அதுக்குக் கொள்கைன்னு பேரு சார். சின்ன நாடு மாறுனா துரோகம். சீக்கிரம் மாறுனா கூட்டாளி அடிப்பான். லேட்டா மாறுனா அந்தப் பக்கத்துக்காரன் மதிக்கமாட்டான். நடுவுல ஒரு நாள் இருக்கும். அது எந்த நாளுன்னு உங்க பேப்பர்ல போடமாட்டீங்க."

அவர் யாரைப் பற்றிப் பேசினார் என்று எனக்கு அப்போது புரிந்திருந்தது. தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கி வாரங்கள் ஆகியிருந்தன.

நிர்வாகம் சிலரை வேலைநீக்கம் செய்ததை எதிர்த்துப் பெரிய சங்கம் இறங்கியது. வாயிலுக்கு எதிரே பந்தல் போட்டார்கள். ஃபோர்ஜ் ஷாப்புக்கு இந்தச் சண்டையில் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் பந்தலைத் தாண்டி உள்ளே போக யாராலும் முடியாது. அதனால் அவர் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு பந்தலில் வந்து உட்கார்ந்தார், ஓரமாக, வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில். பெரிய சங்கத்தின் செயலாளர் மதுரைக்காரர், பெயர் முத்தையா, நல்ல குரல், நல்ல நக்கல். மைக்கில் வரவேற்றார்: "சம்மட்டி நம்ம பக்கம் வந்துருச்சு தோழர்களே. இனி எந்தப் பாஷையில அடிக்கும்னுதான் தெரியல!" பந்தல் சிரித்தது. அவரும் சிரித்தார்.

கொஞ்ச நாளில் வேறு ஒரு பேச்சு வந்தது. முதலாளி ஃபோர்ஜ் ஷாப்பையே மூடிவிட்டு, அடித்த இரும்பை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று. வேலைநிறுத்தம் நீள நீள அவருக்கு அதுவே வசதியாகிவிடும். ஃபோர்ஜ் ஷாப்பில் இருந்த எல்லாரும் ஐம்பதை ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். ஓசூரில் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஐம்பது வயதுச் சம்மட்டிக்காரனை எடுக்கும் கம்பெனி எதுவும் இல்லை. போதாததற்கு, அவர்கள் எல்லாருக்கும் காது போயிருந்தது. சம்மட்டியின் சத்தத்தில் முதலில் போவது மெல்லிய கூர்மையான ஒலிகள். குக்கர் விசில் கேட்காது, குக்கர் மூடி ஆடுவது கேட்கும். எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். தலைவரும் அப்படித்தான். டீக்கடையில் என் முகத்தை அவர் அவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்கு நான் ஆரம்பத்தில் வேறு காரணம் நினைத்திருந்தேன்.

"முத்தையா ஆளுங்களுக்கு ஊருன்னு ஒண்ணு இருக்குது சார். தோத்தா ரயில் ஏறிப் போயிடுவாங்க. எங்களுக்கு இதான் ஊரு. இங்கயே தோத்து இங்கயே இருக்கணும்" என்றார் ஒருநாள். நான் கேட்காத கேள்விக்கு அவர் தமிழில் சொன்ன பதில் அது.

பக்கம் மாறுவதற்கான பேச்சு அதன் பிறகு தொடங்கியது. அதை நான் அப்போது அறியவில்லை. சம்பந்தப்பட்ட மூன்று பேரிடம் பிற்பாடு தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று பேர் சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒத்துப்போகின்றன, ஓர் எழுத்தைத் தவிர.

தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி பெங்களூரில் இருந்து வந்துபோகும் கன்னடக்காரர். எல்லாரும் அவரை ஹெச்.ஆர். என்றே அழைத்தார்கள். ஓசூரில் சந்தித்தால் பந்தலுக்குத் தெரிந்துவிடும். அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம், மாநிலமே வேறு. அங்கே ஒரு டிபன் ஹோட்டலில் சந்தித்தார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று பந்தலில் சொல்லிவிட்டுத் தலைவர் போவார். சிறிய சங்கம் கேட்டது: யாரையும் நீக்கக் கூடாது, மன்னிப்புப் பத்திரம் கேட்கக் கூடாது, ஃபோர்ஜ் ஷாப்பை மூடக் கூடாது. ஹெச்.ஆர். கேட்டது: முதலில் பந்தலை விட்டு எல்லாரும் பார்க்க எழுந்து வாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். எழுந்து வந்தபின் கை கழுவிவிட்டால் என்ன செய்வது என்று இவருக்குப் பயம். வாக்குக் கொடுத்தபின் வராமல் ஏமாற்றினால் முதலாளியிடம் என்ன சொல்வது என்று அவருக்குப் பயம். இட்லி ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி அதையே பேசுவார்களாம்.

முத்தையாவுக்குச் சந்தேகம் வந்தது. பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன தலைவரே, உங்க மாமியா இந்த ஒரு மாசத்துல எத்தனை தடவதான் சாகக் கெடப்பாக? ஒரேயடியா முடிவெடுக்கச் சொல்லுங்க. 'எங்க குடும்பத்துல முடிவெடுக்கற பழக்கம் யாருக்கும் இல்ல'ன்னா சொல்லுவாக?"

அவர் தெலுங்கில் என்னவோ சொன்னார். ஃபோர்ஜ் ஷாப்காரர்கள் மட்டும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று நான் அவர்களிடம் கேட்டேன். "மாமியாருக்கும் சங்கத்துக்கும் ஒரே வியாதிதான், தலைக்குத் தெரியாம காலு நடக்குதுன்னாரு" என்றார்கள்.

அதற்குப் பிறகு அவரால் அத்திப்பள்ளிப் பக்கம் போக முடியவில்லை. அவர் பந்தலை விட்டுக் கிளம்பினால் பின்னால் ஒரு பைக் கிளம்பியது.

ஆனால் பேச்சு அதற்குள் முடியும் இடத்துக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை காலை ஃபோர்ஜ் ஷாப் ஆட்கள் குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் கூடுவார்கள். கம்பெனி பஸ் அங்கே வந்து ஏற்றிக்கொண்டு, பந்தலின் பக்கம் வராமல், பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோகும். மூன்று நிபந்தனைகளுக்கும் முதலாளியின் சம்மதத்தை ஹெச்.ஆர். ஞாயிறு மாலைக்குள் வாங்கிச் சொல்ல வேண்டும். போனில் பேச ஹெச்.ஆருக்கு விருப்பமில்லை, பேச்சு பதிவாகும் என்று நினைத்தார். தூதனிடம் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. தலைவர் அதற்கு ஒரு விதி வைத்தார். எல்லாம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது, அதனால் ஒரே ஒரு சொல் போதும். உண்டா, இல்லையா. தூதனை யாராவது பிடித்து விசாரித்தாலும் அவனிடம் அதற்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது.

தூதன் சண்முகவேல். தூத்துக்குடிக்காரர், அச்சுப் பிரிவில் ஃபிட்டர், பெரிய சங்கத்து உறுப்பினர். தலைவர் வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தார். அவர் மனைவிக்குப் பிரசவமானபோது ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது தலைவரின் மனைவிதான். அதனால் செய்தார். தெற்கத்தி ஆளை முத்தையாவின் ஆட்கள் சந்தேகப்படமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளிக்குப் போகிறவனை ஏன் போகிறாய் என்று ஓசூரில் யாரும் கேட்பதில்லை. அங்கே சரக்கு விலை குறைவு.

அந்த ஞாயிறு மாலை பந்தலில் ஆதரவுக் கூட்டம். மற்ற தொழிற்சாலைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நான் முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தலைவர் தன் வழக்கமான ஓரத்தில் நின்றிருந்தார். அவருக்குப் போன் வந்தது. காதில் அழுத்திக்கொண்டு, மறுகாதைக் கையால் மூடிக்கொண்டு, பந்தலுக்கு வெளியே இரண்டு அடி போனார். அவ்வளவுதான் பேச்சு. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தபடி நின்றார்.

பிறகு மேடைக்கு வந்து மைக்கைக் கேட்டார். முத்தையாவுக்கே ஆச்சரியம். "தலைவர் பேசறாராம். எந்தப் பாஷைன்னு கேட்டுக்கங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

தமிழில் பேசினார். மிகச் சிறிய பேச்சு. "ஃபோர்ஜ் ஷாப்புல இருந்து ஒருத்தன்கூட இந்தப் பந்தலை விட்டுப் போவமாட்டான். போனான்னா மொதல் கல்லு நான் எறியறேன். எம்மேல நம்பிக்கை இல்லாதவங்க இருக்கீங்க, எனக்குத் தெரியும். இன்னியிலருந்து நம்புங்க."

வெளியேற வழியில்லாத ஒரு வாக்கியத்தை அவரிடமிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். பந்தல் எழுந்து கைதட்டியது. முத்தையா அவரைக் கட்டிப்பிடித்தார், நடிப்பாகத் தெரியவில்லை. மறுநாள் மாவட்டப் பக்கத்தில் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்தப் பேச்சு வந்தது.

அதே மறுநாள் விடியற்காலையில் குருபரப்பள்ளியில் கம்பெனி பஸ் வந்து நின்றது. அதன் பின்னால் ஹெச்.ஆரின் கார். சற்றுத் தள்ளி ஒரு போலீஸ் ஜீப். ஏறுவதற்கு ஒருவரும் இல்லை. ஹெச்.ஆர். தலைவருக்குப் போன் செய்தார். அணைக்கப்பட்டிருந்தது. திரும்பத் திரும்பச் செய்தார். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் எனக்குச் சொன்னார்: "பெரிய ஆபீசர் மாதிரி இருந்தாருங்க. போனைக் காதுல வெச்சுகிட்டே நாலு டீ குடிச்சாரு. அப்பறம் பேப்பர் வந்துச்சு. அதைப் பாத்தாரு. காரை எடுத்துக்கினு போயிட்டாரு. பஸ்ஸும் போயிடுச்சு."

நடந்தது இதுதான். அத்திப்பள்ளியில் ஹெச்.ஆர். காரை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கி, சண்முகவேலிடம் ஒரே சொல் சொன்னார்: "ஆகலி." கன்னடத்தில் அதன் பொருள் 'ஆகட்டும், அப்படியே செய்வோம்'. மூன்று நிபந்தனைகளுக்கும் முதலாளி சம்மதித்திருந்தார். சண்முகவேல் போனில் அதைச் சொன்னபோது தலைவரின் காதில் விழுந்தது 'ஆகல'. காரியம் ஆகவில்லை என்று. நடுவில் இருந்தது ஓர் இகரம்.

சண்முகவேலை நான் பிறகு பார்த்தபோது அந்த மனிதர் பாதியாகியிருந்தார். "நா ஆகலின்னுதான் சொன்னேன் சார். எம் புள்ள மேல சத்தியமா. எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, அதான் கேட்டபடிக்கே சொன்னேன். மொதல்ல ஒருதரம் சொன்னேன். அண்ணாச்சி 'என்ன?'ன்னாவ. மறுபடியும் சொன்னேன். ரெண்டாவது தடவ எப்படிச் சொன்னேன்னு..." என்று நிறுத்தினார். "ரெண்டாவது தடவையும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இல்லியா?"

ஹெச்.ஆரை வெகுகாலம் கழித்து, அவர் ஓய்வுபெற்ற பிறகு, பெங்களூரில் ஒரு கல்யாண வரவேற்பில் பார்த்தேன். தட்டில் இனிப்புடன் நின்றுகொண்டிருந்தார். "சம்மதம் சொல்ல அதைவிடத் தெளிவான சொல் எங்கள் மொழியில் இல்லை" என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் அவர் எங்களோடு விளையாடினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டு பக்கமும் பேசுகிற ஆள். போனை அணைத்து வைத்திருந்தாரே, அது தற்செயலா?" எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. எல்லாக் கதவையும் திறந்து வைக்கிற மனிதர் போனை அணைத்தால், அதிலும் ஒரு கணக்கு இருக்கும்.

குருபரப்பள்ளியில் கம்பெனி பஸ் காலியாக நின்றது மதியத்துக்குள் பந்தலுக்குத் தெரிந்துவிட்டது. யாரை ஏற்ற வந்தது என்று கேட்டால் ஊரே சொல்லும். முத்தையா சத்தம் போடவில்லை. ஃபோர்ஜ் ஷாப் ஆட்களைப் பந்தலின் நடுவில் உட்கார வைத்து, சுற்றித் தன் ஆட்களை உட்கார வைத்தார். காலையும் மாலையும் பெயர் சொல்லி ஆள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஐம்பது வயது ஆட்கள் கையைத் தூக்கி "இருக்கேன்" என்று சொன்னார்கள். பெயர் கூப்பிடுவது காதில் விழாமல் இருந்தவர்களைத் தோளில் தட்டிக் கேட்டார்கள். தலைவருடைய மொபெட் சாவியை முத்தையா வாங்கி வைத்துக்கொண்டார். "எங்க போகணும்னாலும் சொல்லுங்கண்ணே, நம்ம பையனுக கொண்டுபோய் விடுவாங்க" என்றார். முதல்முறையாக அண்ணன் என்று அழைத்தார்.

ஒரு மாதம்கூடப் போகவில்லை. பெரிய சங்கமே நிர்வாகத்துடன் உட்கார்ந்து பேசி முடித்தது. நல்ல ஒப்பந்தம் என்று எழுதினார்கள், நானும் எழுதினேன். நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்தார்கள். ஃபோர்ஜ் ஷாப்பை மூடுவது நிர்வாகத்தின் உரிமை என்று அதில் ஒரு வரி இருந்தது. முத்தையாவிடம் அந்த வரியைப் பற்றிக் கேட்டேன். "பெரிய விஷயத்தைக் காப்பாத்தணும்னா சிலதை விட்டுக்கொடுக்கணும் சார். அது இயக்கத்தோட முடிவு" என்றார். டீக்கடையில் மடித்து வைக்கப்பட்ட பேப்பர் எனக்கு ஞாபகம் வந்தது.

சம்மட்டியைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் அஞ்செட்டிப் பக்கம் மச்சான் வீட்டில் மாடு பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். இருவர் பைபாஸில் இளநீர் விற்றார்கள். நாராயணப்பா என்று ஒருவர், பிரிவிலேயே மூத்தவர், தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்து, பஸ் போனதும் திரும்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சில மாதங்களில் அதுவும் நின்றது.

சண்முகவேலுக்கு வேலை இருந்தது, ஆனால் அந்தப் போர்ஷனில் இருக்க முடியவில்லை. காலி செய்த அன்று தலைவரே சாமான்களை ஏற்ற உதவினார். யார் பிழை என்று சண்முகவேல் கடைசியாக ஒருமுறை கேட்டிருக்கிறார். சொன்னவர் வாயா, கேட்டவர் காதா? தலைவர் வண்டியில் கயிற்றை இறுக்கிக்கொண்டே தெலுங்கில் பதில் சொன்னாராம். சண்முகவேலுக்குத் தெலுங்கு தெரியாது. அர்த்தம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, மாம்பழ விலைச் சரிவைப் பற்றி எழுதுவதற்காக நாகரசம்பட்டிப் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். குருபரப்பள்ளியைத் தாண்டி, மாங்கூழ் செய்யும் ஒரு தொழிற்சாலையின் முன் லாரிகள் வரிசையாக நின்றன. விசாரிக்க இறங்கினேன். வாயிலில் காவல் சீருடையில் அவர் நின்றிருந்தார். சீசன் வேலை. லாரி வந்தால் கதவைத் திறப்பது, போனால் மூடுவது. தலை முழுக்க நரைத்திருந்தது. என் உதட்டைப் பார்த்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நல்லாருக்கீங்களா சார்?" என்றார். அந்தச் சின்ன நாட்டைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

லாரிகளுக்கு இடையே கிடைத்த நேரத்தில் பேசினோம். அந்த ஒரு சொல்லைப் பற்றி அவரே ஆரம்பித்தார். "எங்க ஆளு யாராவது போன் பண்ணியிருந்தா தப்பிச்சிருப்போம் சார். நாங்க 'ஆவல'ன்னுதான் சொல்லுவோம். 'ஆகல'ன்னு சொல்லமாட்டோம். எங்க ஆளு வாயிலருந்து 'ஆக'ன்னு வந்தாலே கன்னடம்னு புரிஞ்சிருக்கும். சண்முகவேலு தெக்கத்தி ஆளு. அவங்க 'ஆகல'ன்னுதானே பேசறாங்க? அவன் பேச்சுன்னு நெனச்சிட்டேன்." பிறகு, "அவனை யாரும் சந்தேகப்படமாட்டாங்கன்னுதான் அவனை அனுப்பினேன்" என்றார்.

நான் பலகாலமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னிக்குக் காலையில ஹெச்.ஆர். போன் மேல போன் பண்ணியிருக்கார். எடுத்திருந்தா எல்லாம் சரியாகியிருக்கும். ஏன் தலைவரே அணைச்சு வெச்சிருந்தீங்க?"

கன்னடத்தையோ தெலுங்கையோ எதிர்பார்த்தேன். தமிழில் சொன்னார்.

"தூங்கிட்டேன் சார்."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. போய்க் கதவைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு வந்தார்.

"மேடையில அப்படிப் பேசிட்டு வீட்டுக்குப் போனேன். மனசாரத்தான் பேசினேன் சார், அங்க கதவு மூடிடுச்சுன்னு நெனச்சுதானே பேசினேன். வீட்டுக்குப் போனா, ஒரு பக்கம்னு ஆயிடுச்சு, இனிமே யோசிக்க ஒண்ணும் இல்லன்னு இருந்துச்சு. போனை ஆஃப் பண்ணிட்டுப் படுத்தேன். பொரளவே இல்லையாம். வீட்டுக்காரி சொன்னா. வெயில் வர்ற வரைக்கும் தூங்கியிருக்கேன். அவ எழுப்பலை. நல்லா தூங்கறாரு, தூங்கட்டும்னு விட்டுட்டா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த நேரத்துலதான் பஸ்ஸு இங்க நின்னுகிட்டு இருந்துச்சு."

இருந்த இடத்திலிருந்தே சாலையைக் கையால் காட்டினார். பஸ் நின்ற இடம் அங்கிருந்து தெரிந்தது.

விடைபெற்றுக்கொண்டு கிளம்பினேன். காவல் அறைக்குப் பக்கத்தில் ஊழியர்களின் வண்டிகள் நின்றன. அவருடைய பழைய மொபெட்டை நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். முன்சக்கரம் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.